ஐந்தாம் கட்டில் ஊசி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதைவிட நீளம், என் மேல் எனக்கு இருந்த மதிப்பு. எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலில் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். பன்னிரண்டு கட்டில், ஒரு டாக்டர், நான், ஓர் ஆயா. இப்போது அந்த இடத்தில் ஜவுளிக்கடை இருக்கிறது. அந்த நாளில் எங்கோ ஒரு நர்ஸ் மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டாள் என்று பேச்சு வந்தால், "அவளுக்குக் கண்ணு பொடதியிலயா இருக்கு?" என்று முதல் ஆளாகக் கேட்பவள் நான்தான்.

என் முறை ரொம்பச் சுலபம். நோயாளியின் விவரச் சீட்டைக் கட்டில் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருப்போம். கட்டில் நம்பரைப் பார்ப்பேன். சீட்டில் உள்ள பெயரைச் சொல்லி "நீங்கதானே?" என்பேன். "ஆமா" என்றால் ஊசி. தப்பே வராது என்று நினைத்திருந்தேன். வீட்டுக்கு ஒரு பெண்ணுக்காவது அம்மன் பெயரை வைத்துவிடுகிற ஊரில், பெயரைச் சொல்லி ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பிய என் மூளையை என்ன சொல்ல?

ஆடித்தபசு அன்று காலை. தவமிருந்த அம்மனுக்குச் சாயந்திரம் சாமி காட்சி கொடுக்கிற திருநாள். நான்கு நாள் லீவு முடிந்து அப்போதுதான் வந்திருந்தேன். வார்டில் எல்லாம் புது முகங்கள். ஐந்தாம் கட்டில் சீட்டில் சர்க்கரை நோய், காலைச் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் என்று இருந்தது. கட்டிலில் ஒருத்தி ஜன்னல் பக்கம் திரும்பிக் கும்பிட்டபடி உட்கார்ந்திருந்தாள். சீட்டில் இருந்த அம்மன் பெயரைச் சொல்லி, "நீங்கதானேக்கா?" என்றேன். "ஆமா சிஸ்டர்" என்றாள். போட்டேன்.

அரைமணி நேரம் கழித்து ஒன்பதாம் கட்டிலிலிருந்து ஒரு குரல். "சிஸ்டர், எனக்கு ஊசி போட மறந்துட்டியளா? போட்டாத்தானே நா இட்லி திங்க முடியும்?"

தறிக்காரர் வீட்டு அம்மா ஒருத்தி. பெயரைக் கேட்டேன். அதே அம்மன்.

"ஒங்க கட்டில் எதும்மா?"

"அஞ்சுதான். அந்த ராயகிரிக்காரி தபசு விரதம்லா? அங்கன இருந்தா கோபுரம் தெரியும். பாவமேன்னு மாத்திக் குடுத்தேன்."

ஆட்கள் மாறியிருந்தார்கள், சீட்டு மாறவில்லை. அவர்கள் ஏன் மாற்ற வேண்டும்? கட்டில் ஆஸ்பத்திரியுடையது, சீட்டும் ஆஸ்பத்திரியுடையது. கோபுரம் மட்டும்தான் அவர்களுடையது.

ஒன்பதாம் கட்டில் சீட்டை எடுத்துப் பார்த்தேன். ராயகிரிக்காரி காய்ச்சல் தேறி வருகிறவள். சர்க்கரை நோயே கிடையாது. முந்தின நாளிலிருந்து வெறும் வயிறு, இப்போது உடம்புக்குள் இன்சுலின். சர்க்கரை இறங்கிக்கொண்டே போனால் மயக்கம், வலிப்பு, உயிரே போனாலும் போகும். டாக்டர் கோயிலில் இருந்தார். குளுக்கோஸ் பாட்டில் அலமாரியில் இருந்தது, சாவி டாக்டரிடம் இருந்தது. ஆயாவைக் கோயிலுக்கு ஓடவிட்டு, நான் சர்க்கரையைக் கரைத்துக்கொண்டு ஐந்தாம் கட்டிலுக்கு ஓடினேன்.

"இதக் குடிங்கக்கா."

"விரதம் சிஸ்டர். சாயந்திரம் காட்சி முடிஞ்சாத்தான் வாயில தண்ணி."

"இந்த ஊசி போட்டா குடிச்சே ஆகணும்."

"நேத்து ஊசிக்கு ஒண்ணும் குடுக்கலியே?"

ஒழுங்காக ஒரு பொய் சொல்லக்கூட எனக்குத் துப்பில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. பேச்சு குழறியது, கண் செருகியது. சர்க்கரை இறங்குகிறது என்று எனக்குத் தெரிந்தது. வார்டுக்குத் தெரிந்தது வேறு.

"ஏட்டி, அம்மன் வந்துட்டாட்டீ!" என்று ஒரு கிழவி குலவை போட்டாள். தபசு நாள், விரதக்காரி, எதிரே கோபுரம். வேறென்ன நினைப்பார்கள்? படுத்துக் கிடந்தவர்களெல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள். நான் எழுப்பினால் ஒருத்தியும் எழ மாட்டாள். தறிக்காரர் வீட்டு அம்மா கைகூப்பி, "எனக்கு இந்தச் சர்க்கரை எப்பம் தாயே கொறையும்?" என்று குறி கேட்டாள். அவளுக்கு வர வேண்டிய மருந்துதான் அங்கே ஆடிக்கொண்டிருந்தது.

டம்ளரோடு நெருங்கினேன். நாலு பேர் மறித்தார்கள். "சாமியத் தொடாதிய சிஸ்டர். விரதம் கலைஞ்சிரும்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பேசாமல் இருந்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. என்ன நடந்தாலும் பழி அம்மனோடு போய்விடும். ஒரு மூச்சு நேரம் அப்படியே நின்றேன். அந்த ஒரு மூச்சுக்காக இன்றைக்கும் என் மேல் எனக்கு ஆத்திரம் தீரவில்லை.

பிறகு கத்தினேன். "சாமியும் இல்ல, ஒண்ணும் இல்ல! நாந்தான் ஆள் மாத்தி ஊசி போட்டுட்டேன்! இதக் குடிக்கலன்னா செத்துருவா. வழிய விடுங்க!"

குலவை நின்றது. முதலில் அசைந்தது தறிக்காரர் வீட்டு அம்மாதான். போய் ராயகிரிக்காரியின் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். விழுங்குகிற அளவுக்கு நினைவு இருந்தது, நல்லவேளை. கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினேன். டாக்டர் ஓடிவந்து குளுக்கோஸ் ஏற்றும்போது கண்ணைத் திறந்து, "காட்சி முடிஞ்சிட்டா?" என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

டாக்டர் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். அப்புறம் 'நோயாளிகள் கட்டில் மாறக் கூடாது' என்று எழுதிச் சுவரில் ஒட்டினார். வார்டில் பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது. நான் "நீங்கதானே?" என்று கேட்பதை அன்றோடு விட்டேன். பெயரை அவர்களையே சொல்லச் சொன்னேன். கூடவே ஊர் எது, உடம்புக்கு என்ன என்றும் கேட்டேன். ஊசி போடுவதைவிட இந்த விசாரணைக்கு நேரம் அதிகம் ஆனது.

மறுநாள் ராயகிரிக்காரியிடம் ஊசியோடு போனேன். நான் வாயைத் திறக்கும் முன்னால் அவள் இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"மொதல்ல நா யாருன்னு சொல்லுங்க."

சொன்னேன். பெயர், ஊர், என்ன காய்ச்சல், இது என்ன மருந்து, எதற்கு. எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகுதான் ஒரு கை வெளியே வந்தது.

அதற்கப்புறம் முப்பது வருஷம் ஊசி போட்டேன். என்னிடம் அப்படிக் கேட்டவள் அவள் ஒருத்திதான். மற்ற எல்லோரும் பேசாமல் கையை நீட்டினார்கள்.