அட்டைக் கடி என்று நினைத்த புண்

ஞாயிறு, காலை 5.55. கொழும்பு கோட்டையிலிருந்து பதுளை ரயில் புறப்பட்டது. என் பையில் துணிமணியைவிட மருந்துச் சாமான்தான் அதிகம். இன்சுலின் வைத்த ஃபிளாஸ்க், சீனி பார்க்கும் மெஷின், ஊசிகள், அவித்த கடலை ஒரு டப்பா, கேழ்வரகில், எங்கள் பேச்சில் குரக்கனில், சுட்ட ரொட்டி மூன்று. பதினோரு வருடமாக எனக்கு நீரிழிவு. புறக்கோட்டைப் புடவைக் கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே அதைக் கட்டுக்குள் வைத்திருக்கிறேன் என்று எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. அந்தத் திமிரோடுதான் ஹட்டன் பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் என் அக்கா சரோஜாவைப் பார்க்கக் கிளம்பினேன். அவளுக்கும் நீரிழிவு. "மாமா, அம்மா காலக் காட்ட மாட்டேங்குது. காம்பராவெல்லாம் நாறுது" என்று அவள் மகள் மஞ்சு முந்தின நாள் போனில் அழுதாள்.

7.45. ரம்புக்கனை தாண்டியதும் வண்டி மலை ஏறத் தொடங்கியது. வடைக்காரர் வந்தார், இரண்டு வடை இருநூறு ரூபாய். வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு, விரலில் குத்திப் பார்த்தேன். 131. பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அவர் கேட்காமலேயே கட்டுப்பாடாகச் சாப்பிடுவது பற்றி நாவலப்பிட்டி வரைக்கும் பேசினேன். பாவம், அந்த மனுஷன் தூங்கவும் முடியாமல் இருந்தார்.

11.35. ஹட்டன். தூறல். எஸ்டேட் பதினொரு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு ஆயிரத்து அறுநூறு ரூபாய். வழியில் கடலையை மென்றதைப் பார்த்து, "சீனி இருக்காண்ணே?" என்று டிரைவர் கேட்டார். அவர் வீட்டில் மூன்று பேருக்கு இருக்கிறதாம்.

"என்ன சாப்பாடு குடுக்கிறீங்க?" என்றேன்.

"இருக்கிறதத்தான். காய்கறி நெறையத் திங்கச் சொல்றாரு டொக்டரு. இங்க வெளையிறதெல்லாம் விடியுமுன்ன லொறில ஏறி உங்க ஊருக்குத்தானே வருது" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வாரத்துக்கு இரண்டு தரம் வாங்கும் மலைக் காய்கறி, லீக்ஸும் கோவாவும், நினைவுக்கு வந்தன.

12.30. காம்பரா என்கிற ஒற்றையறை வீடுகள் பத்து ஒட்டி நிற்கும் லயத்தில் அக்காவுடையது கடைசி. அத்தான் செத்து ஆறு வருடம். அந்த எஸ்டேட்டில் இப்போது இந்தக் குடும்பத்தில் வேலைக்குப் பேர் பதிந்திருப்பது அவள் ஒருத்திதான். மஞ்சு ஹட்டனில் கடை வேலைக்குப் போகிறாள். அக்கா என்னைக் கண்டதும் இரண்டு கால்களையும் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். மதியத்துக்கு மாவு ரொட்டி தடிமனாக இரண்டு, மிளகாய் இடித்த கட்டச் சம்பல், பிளேன்டீ. தேநீரில் சீனி இல்லை. பரவாயில்லையே என்று நினைத்தபோதே, அவள் இடது உள்ளங்கையில் ஒரு கரண்டி சீனியைக் கொட்டி, ஒரு மிடறு குடிப்பதும் ஒரு தரம் நக்குவதுமாக இருந்தாள்.

"என்னக்கா இது?"

"தேத்தண்ணில சீனி போடக்கூடாதுன்னுதானே சொன்னாங்க? நான் போடலையே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படித்துப் படித்துச் சொன்னதையெல்லாம் மறுபடி சொன்னேன். அவள் விரலைப் பிடித்துக் குத்தினேன். மெஷினில் எண்ணே வரவில்லை. அளக்க முடியாத அளவுக்கு ஏறிவிட்டால் அது எண்ணைக் காட்டாது, இரண்டு ஆங்கில எழுத்தைத்தான் காட்டும். பதினோரு வருடத்தில் அந்த எழுத்துகளை நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகுதான் காலைக் காட்டினாள். வலது பாதத்தின் அடியில், பெருவிரலுக்குக் கீழே, புண். சுற்றிலும் கறுத்திருந்தது. சுண்ணாம்பும் புகையிலையும் வைத்துக் கட்டியிருந்தாள்.

"மழைக்கு அட்டை கடிச்சிருச்சுன்னு நெனச்சேன் தம்பி. சப்பாத்துக்குள்ள ரத்தம் கெடந்துச்சு, வலியே இல்ல. வலியில்லாம ரத்தம் வந்தா அது அட்டைதானே?"

மலையில் வேலை செய்யும் எவரும் அப்படித்தான் நினைப்பார்கள். அட்டை கடிப்பது தெரியாது. ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும். சப்பாத்தைப் புரட்டிப் பார்த்தேன், அடியில் ஓட்டை. குத்தியது வெட்டிய தேயிலைச் செடியின் அடிக்கட்டை. வலிக்காமல் போனதற்குக் காரணம், பாதத்தில் உணர்ச்சி செத்துப் பல மாதம் ஆகியிருந்ததுதான். ஐந்து வாரமாக அவள் அட்டைக் கடிக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தாள்.

இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று கெஞ்சினேன். "செவ்வாக்கெழமதான் கிளினிக்கு. அன்னைக்கி எல்லாரும் போறது. நடுவுல போனா காலு வெளிய தெரிஞ்சிரும். பேர வெட்டிருவாங்க. பேரு போனா காம்பராவும் போயிரும்" என்றாள். மஞ்சு வேலை முடிந்து வந்து அழுது பார்த்தாள். அக்கா அசையவில்லை. கடைசியில் நான் விட்டுக்கொடுத்தேன். அதை நான் இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். தூக்கி ஆட்டோவில் போட்டிருக்கலாம். செய்யவில்லை.

திங்கள், காலை 6.15. விரலில் 126. வழக்கம்போல இன்சுலின் போட்டு, வழக்கம்போல ஒரு குரக்கன் ரொட்டி. கட்டின காலைச் சப்பாத்துக்குள் திணித்துக்கொண்டு அக்கா காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குக் கிளம்பினாள். கோபத்தில் நானும் பின்னாலேயே நடந்தேன். ஒன்றரை மைல் ஏற்றம். நொண்டாமல் நடக்கிறாளே என்று பார்த்தேன். வலித்தால்தானே நொண்டுவது.

9.20. மலை உச்சி வரிசையில் அவள் பறித்துக்கொண்டிருக்க, கீழே கல்லில் உட்கார்ந்திருந்த எனக்கு வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. கண்ணில் பச்சை மங்கியது. சீனி இறங்குகிறது என்று தெரிந்தது. இனிப்பு வில்லை காம்பராவில் இருந்த பையில். எழுந்தேன், சரிந்தேன். கூடையோடு இறங்கி வந்தவள் அக்காதான். இடுப்பில் சுற்றியிருந்த படங்குச் சாக்குக்குள்ளிருந்து ஒரு கடதாசிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, என் உள்ளங்கையில் சீனியைக் கொட்டினாள்.

"நக்கு தம்பி. மொள்ள. தண்ணியக் குடி."

நக்கினேன். பத்து நிமிடத்தில் உலகம் நேரானது. அவள் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"இதுக்குத்தான் நான் வேல நாள்ல மாத்திரை போடறதில்ல" என்றாள். "காலையில போட்டா ஒம்பது மணிக்கு இப்பிடித்தான் நடுங்கும். ரெண்டு தரம் கூடையோட உருண்டுட்டேன். ஞாயித்துக்கெழமையும் கிளினிக்கு நாளும் மட்டும் போடுவேன்."

"கிளினிக்ல சொன்னியா?"

"மாத்திரை முடிஞ்சுதான்னு கேப்பாங்க. முடிஞ்சுதுன்னு சொல்லுவேன்."

நேற்று அவளுக்கு நான் சொன்ன புத்தி அத்தனையும் ஞாபகத்துக்கு வந்தது. நேரத்துக்குச் சாப்பிடு, நேரத்துக்கு மாத்திரை போடு. அவளுக்கு எது நேரம் என்று ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கத்தால் அவள் காலுக்கு என்ன பிரயோசனம்.

செவ்வாய், 10.50. டவுன் ஆஸ்பத்திரி. கட்டைப் பிரித்ததும் டாக்டரம்மா பேச்சை நிறுத்தி, வேறொரு டாக்டரையும் கூப்பிட்டார். பிறகு எனக்குச் சிங்களத்தில் பொறுமையாகச் சொன்னார். நஞ்சு எலும்புக்கு ஏறிவிட்டது. விரலோடு நிறுத்த முடியாது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும், வியாழக்கிழமை. ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் வேறு கதை.

அக்காவுக்குச் சிங்களம் கடைத்தெரு அளவுக்குத்தான் தெரியும். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எத்தன வெரலு தம்பி?" என்றாள்.

நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை, தமிழில்தான் சொன்னேன். அவள் அழவில்லை. அந்தக் காலைப் பார்த்துவிட்டு, "மலை ஏறலாமான்னு கேளு" என்றாள்.

டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவருக்குக் கேள்வி புரிந்துவிட்டது போலிருந்தது. குனிந்து எழுதத் தொடங்கினார். நான் கேட்கவில்லை. "பாப்போம்னு சொல்றாங்கக்கா" என்றேன்.

மாலை 4.10. கொழும்பு பஸ். பெண்கள் வார்டில் ஆண்கள் தங்க முடியாது, மஞ்சு இருக்கிறாள். எனக்கு மூன்று நாள்தான் லீவு, வியாழன் மறுபடி வருவேன். கிளம்பும்போது வார்டு வாசலில் அக்கா என் சட்டைப்பையில் எதையோ திணித்தாள். "பஸ்ஸுல நடுங்குனா வேணும்." அந்தப் பொட்டலம். "எனக்கு இனி மலையில்ல" என்று சொல்லிவிட்டுப் படுக்கைக்குத் திரும்பினாள். நான் சொன்ன பொய்யை அவள் ஒரு நிமிடமும் நம்பியிருக்கவில்லை.

கினிகத்தேனை தாண்டி மலை இறங்கும்போது பழக்கதோஷத்தில் விரலில் குத்திப் பார்த்தேன். 118. மூன்று நாளில் அதுதான் நல்ல எண். கொழும்பில் என் வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கிறது, சிவப்பரிசி இருக்கிறது, பத்து மணிக்கு ஒரு பிடி கடலை தின்ன முதலாளி தடுப்பதில்லை. எங்கள் இருவருக்கும் ஒரே வியாதி என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். மெஷினை அணைத்துப் பையில் போட்டேன். அந்த எண்ணை யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை.