பத்தரைக்குள் ஏறிய சார்ஜ்

சித்தப்பா வாங்கிய பழைய அம்பாசிடருக்கு முதல் கல்யாண வாடகை கிடைத்தது. அரியலூரில் மாப்பிள்ளை அழைப்பு, வெள்ளிக்கிழமை மாலை. வண்டி நன்றாக ஓடினால் அதே குடும்பத்தில் இன்னும் மூன்று முகூர்த்தத்துக்கும் சித்தப்பாவைத்தான் கூப்பிடுவதாகப் பெண்ணின் தாய்மாமன் சொல்லியிருந்தார். வாடகை ஓட்டிப் பிழைப்பதா, வண்டியை விற்றுவிட்டுக் கொத்து வேலைக்கே திரும்புவதா என்பது அந்த மூன்றில் இருந்தது.

பழைய பேட்டரி செத்துவிட்டதால் வியாழக்கிழமை பெரம்பலூரில் புதிது வாங்கினோம். கடைக்காரர் ஆசிட் ஊற்றி, சார்ஜரில் மாட்டி, மறுநாள் சாயங்காலம் நான்கு மணிக்கு வரச் சொன்னார். முதல் சார்ஜை மெதுவாகத்தான் ஏற்ற வேண்டுமாம், அவசரப்பட்டால் கடைசிவரைக்கும் அது முழுசாகப் பிடிக்காதாம். நான்கு மணிக்கு எடுத்தாலும் அரியலூருக்கு நேரத்தோடு போய்விடலாம். இதில் சித்தப்பாவுக்கு ஒரே ஒரு ஆட்சேபம். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் சிறுவாச்சூர் கோயிலில் வண்டிக்குப் பூசை போட்டாக வேண்டும்.

பழைய பேட்டரியை மாட்டி, தள்ளி ஸ்டார்ட் செய்து பூசையை முடிக்கலாமே என்றேன்.

"செத்தத வச்சிக்கிட்டு சாமி முன்னாடி நிக்கச் சொல்றியா?" என்றார்.

எங்கள் வம்சத்தில் பத்தாவதைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். பாலிடெக்னிக்கில் முதலாம் ஆண்டு. கையில் சொந்தமாக, வோல்டேஜ் பார்க்கும் மீட்டர் ஒன்று வேறு. வெள்ளிக்கிழமை காலை கடையில் வைத்து அந்த மீட்டரைப் பேட்டரியில் பிடித்துப் பார்க்கச் சொன்னார் சித்தப்பா. முள் பன்னிரண்டைத் தாண்டி நின்றது.

கடைக்காரர் சிரித்தார். "தம்பி, இப்பத்தான் சார்ஜர்லேருந்து எடுத்துருக்கு, அப்படித்தான் காட்டும். உள்ள ஏறல."

அவர் எட்டாவது ஃபெயில் என்று ஊருக்கே தெரியும். நான் முள்ளைக் காட்டி, வோல்டேஜ் என்றால் என்ன என்று அவருக்குப் பாடம் எடுத்தேன். சித்தப்பாவின் முகத்தில் இருந்த பெருமை என்னை அதற்கு மேலும் பேச வைத்தது. பேட்டரியை அப்போதே வாங்கி வண்டியில் மாட்டினோம். ஒன்பதே முக்காலுக்குக் கோயில் வாசலில் அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாயிற்று. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது. படித்தவன் வீட்டில் இருந்தால் எவ்வளவு வசதி என்று சித்தப்பா பூசாரியிடம் சொன்னார்.

அரியலூரில் சித்தப்பா இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியைச் சுற்றிச் சீரியல் லைட் கட்டினார். பாட்டு போட்டார். முன் விளக்குகளை எரியவிட்டார். மாப்பிள்ளை பவுடர் பூசி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவர் ஏறி உட்கார்ந்ததும் சித்தப்பா சாவியைத் திருப்பினார். அடியிலிருந்து ஒரு முனகல். பாட்டு இழுத்து இழுத்து நின்றது. சீரியல் லைட் மங்கி, அணைந்தது.

நான்கு பையன்கள் தள்ள வந்தார்கள். தள்ளியிருந்தால் கிளம்பியிருக்கும். தாய்மாமன் குறுக்கே வந்து நின்றார்.

"மாப்பிள்ளைய உள்ள வச்சித் தள்ளுறதா? வெளங்குமா அது?"

நல்ல நேரம் பார்த்தே வண்டியைக் கெடுத்த சித்தப்பா சாவியை விட்டுவிட்டுக் கீழே இறங்கினார். "படிச்ச புள்ள, மீட்டர் வச்சிப் பாத்துதாங்க சொன்னான்" என்று என்னைக் காட்டினார். என்மேல் கோபத்தில் சொல்லவில்லை. அவரிடம் இருந்த ஒரே சாட்சி நான்தான்.

தாய்மாமன் என்னை ஏற இறங்கப் பார்த்து, எந்தக் காலேஜ் என்று விசாரித்தார். சொன்னேன்.

"நல்லவேளை. தங்கச்சி மவன அங்கதான் சேக்கலாம்னு இருந்தோம்."

வேன் ஒன்று வந்தது. மாப்பிள்ளை அதில் மாறி உட்கார்ந்தார். மற்ற முகூர்த்தங்களுக்கு வேறு வண்டி சொல்லிக்கொள்கிறோம் என்று தாய்மாமன் மரியாதையாகவே சொன்னார். சித்தப்பா தலையாட்டினார். பிறகு அம்பாசிடரின் முன்னால் கட்டியிருந்த பூமாலையை அவிழ்த்து, கசங்காமல் எடுத்துப்போய், அந்த வேனில் தன் கையாலேயே கட்டிவிட்டார்.