பதினான்கு பெட்டிகளும் ஒரு திரையும்

எங்கள் மருந்துக் கிடங்கில் 'சுவிட்ச் அக்கா' என்றால் வாசல் காவலாளிக்கும் தெரியும். கணினிகளின் கேபிள்கள் வந்து சேரும் பெட்டிதான் சுவிட்ச். மூன்று கட்டடங்களில் அப்படிப் பதினான்கு இருந்தன. ஒன்று படுத்துக்கொண்டால் மடிக்கணினியை இடுக்கிக்கொண்டு அக்கா படியேறுவார். பத்து வருஷமாக ஏறி இறங்கியதில் முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

பில் போடுகிற எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம். பதினான்கையும் ஒரே திரைக்குள் கொண்டுவந்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே மேய்க்கப் போவதாக அவர் சொன்னபோது, நடக்கிற காரியமா என்று நக்கலடித்தவன் நான். முதலாளிக்கும் நம்பிக்கையில்லை. வேலையை வெளி நிறுவனத்திடம் ஒப்படைக்க நினைத்தார். ஒப்படைத்தால் அக்கா வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவர் மசியவில்லை, ஒரு மாதம் கேட்டு வாங்கினார். பெட்டிகளைக் கட்டுப்படுத்துவதற்கென்றே தனிக் கேபிள் இழுத்தார். இருக்கிற கேபிள் போதாதா, வெட்டிச் செலவு என்று முதலாளி முணுமுணுத்தது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது.

சோதனை நாளன்று வெளி நிறுவனத்து ஆளையும் முதலாளி கூட்டி வந்திருந்தார். அந்த நேரம் பார்த்து என் மேசைக்கடியில் ஒரு கேபிள் நுனி காலை இடறியது. பொறுமையில்லாத ஜென்மம் நான். சுவரோரப் பெட்டியில் காலியாக இருந்த ஓட்டையில் சொருகிவிட்டேன். அதன் மறுமுனையும் அதே பெட்டியில்தான் இருக்கிறது என்று யார் கண்டது? தகவலெல்லாம் அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றிப் பெருகி, ஒரே நிமிடத்தில் மூன்று கட்டடமும் முடங்கியது. பில் நின்றது, லாரிகள் நின்றன.

அக்கா பதறவில்லை. தனிக் கேபிளின் புண்ணியத்தில் அவருடைய திரை மட்டும் உயிரோடு இருந்தது. நான் சொருகிய ஒன்பதாவது பெட்டியின் பன்னிரண்டாவது ஓட்டை அதில் சிவப்பாகத் தெரிந்தது. நாற்காலியை விட்டு அசையாமலே அதை மூடினார். பாதியில் நின்ற என் பில் மறுபடி ஓடியது.

"யாரு பண்ண வேலை இது?" என்றார் முதலாளி.

அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. "இப்படித் தப்பா சொருகினா தானா மூடிக்கிற காவல் ஒண்ணு இருக்கு சார். அந்தப் பெட்டிக்கு மட்டும் இன்னும் போடல. என் தப்புதான்."

வேலை போகுமா நிற்குமா என்கிற நாளில், பழியைத் தன் தலையில் இழுத்துப் போட்டுக்கொள்கிறாரே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. எழுந்துவிட்டேன்.

"நான்தான் சார் சொருகினேன். அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க."

முதலாளி என்னை முறைத்தார். பிறகு வெளி ஆளிடம், இதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார். ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கிப் பார்க்க வேண்டும், அரை நாளாவது ஆகும் என்றார் அவர். பாவம், பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

அதற்குள் அக்கா அந்தக் காவலையும் போட்டு முடித்திருந்தார். "அண்ணே, இப்ப வேற ஓட்டையில சொருகுங்க," என்றார் என்னிடம்.

முதலாளியின் கண் முன்னாலேயே அதே நுனியைப் பிடுங்கி வேறு ஓட்டையில் சொருகினேன். சொருகிய ஓட்டை தானாகவே மூடிக்கொண்டது. கிடங்கில் ஒரு பில்கூட நிற்கவில்லை.

முதலாளி வெளி ஆளின் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத்தான் சார் வீண் அலைச்சல்," என்றார்.