குதிரை முதுகில் என் கனம்

முதுகெலும்பில் இரண்டு இடத்தில் விரிசல் என்று டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். நடக்கலாம், வேலைக்குப் போகலாம், குதிரை ஏறுவது மட்டும் இனிக் கிடையாது என்றார். எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. ஒன்பது வயதில், அரசாங்கக் கால்நடை மருத்துவராக இருந்த அப்பா, தான் வைத்தியம் பார்த்த ஒரு குதிரையின் மேல் என்னைத் தூக்கி உட்கார வைத்தார். அன்றிலிருந்து நான் குதிரை ஏறாமல் கழித்த வாரங்கள் மிகச் சில.

விழுந்ததில் குதிரையின் தப்பு எதுவும் இல்லை. கிண்டிப் பக்கம் நான் போய்க்கொண்டிருந்த குதிரையேற்றக் கிளப்பின் மைதானத்தில், வேலிக் கம்பியில் மாட்டியிருந்த ஒரு பிளாஸ்டிக் பை காற்றில் படபடத்தது. குதிரை மிரண்டு சட்டென்று ஒதுங்கினான். நான் அவனோடு ஒதுங்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

மயிலாப்பூரில் அண்ணா வீட்டு மாடியறையில் இருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. தி.நகரில் ஒரு பாங்கில் வேலை. படுத்த படுக்கையாக இருந்த ஆறு வாரமும் மன்னிதான் சாப்பாட்டை மாடிக்குக் கொண்டுவந்தாள். ஒரு நாள் ரசத்தைக் கரண்டியால் விட்டுக்கொண்டே, "இனிமேலாவது கார்த்தால நிம்மதியா ஆத்துல இருக்கலாம் நீ" என்றாள். குத்திக்காட்டவில்லை. எனக்கு ஏதோ நல்லது நடந்துவிட்டதாகவே நினைத்தாள். இத்தனை வருஷத்தில் வீட்டிலிருந்து ஒருவரும் நான் குதிரை ஏறுவதைப் பார்க்க வந்ததில்லை. நானும் கூப்பிட்டதில்லை.

எழுந்து நடமாட ஆரம்பித்ததும் ராயப்பேட்டையில் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்பினார்கள். என் வயதுப் பெண். அதிகம் பேசமாட்டார். முதல் நாள் வலிக்கிற இடத்தை விட்டுவிட்டு, இடுப்புக்குக் கீழே, நான் நினைத்தே பார்த்திராத ஒரு இடத்தில் உள்ளங்கையை வைத்தார். அழுத்தக்கூட இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. வலிக்கிறதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அம்மா போன பிறகு ஒரு மனுஷக் கை என்மேல் அப்படி நிதானமாக இருந்ததே இல்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

நாலாவது மாதம் பஸ் பிடித்துக் கிண்டிக்குப் போனேன். நான் விழுந்த அந்தக் குதிரையைச் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான். அவன் என் சொந்தக் குதிரை இல்லை, கிளப்பின் குதிரை. ஆனால் பத்து வருஷமாக வாரத்தில் நாலு நாள் நான்தான் ஏறிக்கொண்டிருந்தேன். இப்போது வேறு யார் சேணம் போட வந்தாலும் கடிக்கிறானாம். வயிற்றுப் பட்டையை இறுக்கும்போது ஒரு பையனின் தோளைக் கவ்விவிட்டானாம். வயசாகிவிட்டது, அனுப்பிவிடலாம் என்று கமிட்டியில் பேச்சு. இதையெல்லாம் அவனைப் பார்த்துக்கொண்ட சைஸ் சொன்னார். குதிரைக்காரர்களை லாயத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். ஐம்பது வயது ஆள், வேளச்சேரியிலிருந்து சைக்கிளில் வருவார்.

நான் அவன் முதுகில் கை வைத்தேன். தட்டிக்கொடுப்பதற்காக எத்தனையோ தடவை வைத்த கைதான். அன்றைக்கு ராயப்பேட்டையில் எனக்குச் செய்வதைப் போல, விரல்களைப் பரப்பி, மெதுவாக நகர்த்திக்கொண்டே போனேன். வலது பக்கம் சதை மாவு மாதிரி அமுங்கியது. இடது பக்கம், சேணம் உட்கார்கிற இடத்தில், கொய்யாக்காய் மாதிரி ஒரு கட்டி. கை பட்டதும் தோல் துடித்தது, காது பின்னால் மடங்கியது.

இது எப்படி வந்தது என்று சைஸைக் கேட்டேன். அவர் வைக்கோலை உதறிக்கொண்டிருந்தார்.

"நீ எப்பவும் லெஃப்டு பக்கமா சாஞ்சிக்கினுதான் குந்துவ. லாயத்துல எல்லாருக்கும் தெரியும்மா."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலியே."

அவர் பேச்சில் குற்றம் சாட்டுகிற தொனி துளியும் இல்லை. மேடம் வருவார், ஏறுவார், இறங்குவார், போவார். அந்த லாயத்தில் நான் யாரோடும் டீ குடித்ததில்லை. அங்கேதான் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதும் நிஜம். பத்து வருஷமாக என் கோணலை இந்தப் பிராணி சுமந்துகொண்டு ஓடியிருக்கிறது. குதிரைகளைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை என்று நானும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது முகத்தை ஜன்னல் பக்கமே வைத்துக்கொண்டேன்.

மறுநாளும் போனேன். அப்புறம் தினமும், பாங்குக்கு முன்னால். குதிரையைத் தேய்ப்பது லாயத்தில் புதிதில்லை. சைஸ்கள் தினமும் மாலிஷ் செய்வார்கள். அது தோல் பளபளக்க. நான் செய்தது வேறு மாதிரி. ஒரே இடத்தில் கையை வைத்துக்கொண்டு, அந்தச் சதையே விட்டுக்கொடுக்கும்வரை காத்திருப்பேன். முதல் இரண்டு வாரம் அவன் என்னைக் கடிக்கப் பார்த்தான். மூன்றாவது வாரம் ஒரு நாள் கீழுதடு தொங்கியது. கண் பாதி மூடியது. பிறகு வாயை இவ்வளவு பெரிதாகத் திறந்து, வரிசையாக மூன்று கொட்டாவி. சைஸ் வாளியோடு நின்று பார்த்தார்.

"இன்னாமா, இப்டி தூங்கிக்கினு கீது" என்றார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக எனக்கும் சேர்த்து ஒரு டீ சொன்னார்.

லாயத்துக்கு வரும் கால்நடை டாக்டர் தன் கல்லூரிப் பாடப்புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். ஒவ்வொரு தசையும் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று அதைப் பார்த்துப் படித்தேன். குதிரையை அனுப்பவில்லை. அதன்பின் நாலு வருஷம் அவன் குழந்தைகளைச் சுமந்துகொண்டு மைதானத்தைச் சுற்றினான். மற்றக் குதிரைகளையும் பார்க்கச் சொன்னார்கள். நான் வேலியோரமாக நின்று, எந்தக் குழந்தை எந்தப் பக்கம் சாய்கிறது என்று கவனித்து, உடனே சொல்லிவிடுவேன். அதனால் பெற்றோர் சிலருக்கு என்னைப் பிடிக்காது.

அந்த டாக்டர் மூலம் நாய்களும் வர ஆரம்பித்தன. முதலாவது அடையாறில், பதின்மூன்று வயது லாப்ரடார். பின்னங்கால் இரண்டும் விழுந்துவிட்டன. வீட்டில் அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா மட்டும்தான். நாய் அவர் கணவருடையது. கணவர் அதற்கு முந்தின வருஷம் தவறிப்போயிருந்தார். பாங்குக்குச் சனிக்கிழமை அரை நாள். மத்தியானம் இரண்டரைக்கு அங்கே போவேன். ஹாலில் ஜமக்காளம் விரித்து வைத்திருப்பார். நான் இடுப்பிலிருந்து பாதம்வரை ஒரு மணி நேரம் பார்ப்பேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு மாதத்தில் அவன் தானாகவே எழுந்து வாசல்வரை போனான். அந்த அம்மா எழுந்து பின்னாலேயே போய், கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஒரு சனிக்கிழமை நான் கை கழுவிவிட்டு வந்தபோது, நாற்காலியிலிருந்து எழாமல், எங்கோ பார்த்துக்கொண்டு, "எனக்கும் இந்தத் தோள்பட்டை ரொம்ப வலிக்குது. கொஞ்சம் பாக்கறீங்களா?" என்று கேட்டார்.

மனிதர்களுக்குச் செய்ய எனக்குத் தெரியாது என்றேன். ராயப்பேட்டை பிசியோதெரபிஸ்ட்டின் நம்பரை ஒரு தாளில் எழுதி மேஜைமேல் வைத்தேன். அவர் சரி, சரி என்று அவசரமாகத் தலையாட்டினார்.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதுதான் உறைத்தது. தெரியாது என்பது பொய். பயமாக இருந்தது. குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அரை மணி நேரம் நிற்க முடிகிற எனக்கு, தனியாக இருக்கிற ஒரு பெண்ணின் தோளில் கை வைக்க முடியவில்லை. திரும்பிப் போயிருக்கலாம், பத்து நிமிஷ நடைதான். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

அடுத்த வாரம் போனதுமே, தோள் எப்படி இருக்கிறது, பார்க்கட்டுமா என்று கேட்டேன். "இப்ப சரியாப் போச்சு" என்றார். கையைத் தூக்கிக்கூடக் காட்டினார். பாதிக்குமேல் தூக்க முடியவில்லை. நான் ஜமக்காளத்தில் உட்கார்ந்து நாயின் இடுப்பில் கை வைத்தேன்.

பொங்கல் கழிந்து சில நாளில் அந்த அம்மா என் அண்ணா வீட்டுக்குப் போன் செய்தார். மன்னி கீழேயிருந்து கூப்பிட்டாள். நாய் காலையில் தூக்கத்திலேயே போய்விட்டது என்றார். கஷ்டப்படவில்லை என்றார். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அதன்பின் இருவருமே போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது. மயிலாப்பூரில் மழையா என்று கேட்டார். இல்லை என்றேன். இங்கே லேசாகத் தூறுகிறது என்றார்.

சனிக்கிழமை இரண்டரை மணியை ஒரு மாதம்வரை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தேன். அவர் கூப்பிடவில்லை. நானும் போகவில்லை. பிறகு தி.நகரில் மாடிப்படியிலிருந்து விழுந்த ஒரு பொமரேனியனைப் பார்க்கச் சொல்லி கால்நடை டாக்டர் சீட்டு எழுதி அனுப்பினார். அந்த வீட்டில் நிறைய ஆட்கள், டிவி சத்தம். நாய் நடுங்கிக்கொண்டிருந்தது. எல்லோரையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, தரையில் உட்கார்ந்து அதன் முதுகில் கை வைத்தேன்.