தொப்புளுக்குக் கீழே குளிர்

பட்டாசுப் பெட்டிகளை லோடு ஏற்றிக்கொண்டிருந்தபோது லாரியின் உச்சியிலிருந்து அண்ணன் விழுந்தான். முதுகுத் தண்டில் அடி. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவனுக்குத் தொப்புளுக்குக் கீழே கிள்ளினாலும் தெரியவில்லை. மூத்திரம் வருவதும் தெரியாது. வேட்டி நனைந்ததை நாங்கள் பார்த்துச் சொன்னால்தான் உண்டு.

நான் விருதுநகரில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பைவிட பிரவுசிங் சென்டரில் இருந்த நேரம் அதிகம். முதுகுத் தண்டு, நரம்பு, அக்குபங்சர் என்று தேடித் தேடிப் படித்தேன். சீனாவில் யாரோ எழுந்து நடந்தார்களாம். அன்றைக்கே வீட்டில் அறிவித்துவிட்டேன், அண்ணனை நடக்க வைக்கப்போகிறேன் என்று.

"ஏலே, நடக்குறதெல்லாம் பெறகு பாப்போம்," என்றான் அவன். "ஒண்ணுக்கு வருதுன்னு எனக்கே தெரிஞ்சாப் போதும்."

காரணம் இருந்தது. பட்டாசுக் கம்பெனியில் அவனுக்கு இனி இடமில்லை. வெடிமருந்து ரூமுக்கு நாலு பக்கமும் கதவு வைப்பதே தீப்பிடித்தால் ஓடுவதற்குத்தான். ஓட முடியாதவனை ஃபோர்மேன் வாசற்படி மிதிக்க விடமாட்டார். ஆனால் சிவகாசியில் ஓர் அச்சாபீசில் காலண்டர் தாள் அடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். உட்கார்ந்தே செய்கிற வேலை. சுற்றிலும் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு நடுவில் நனைந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான் அவனை வீட்டிலேயே வைத்திருந்தது.

விருதுநகரில் மிளகாய் வத்தல் மண்டிகள் இருக்கிற தெருவில் அக்குபங்சர் டாக்டரம்மாவின் அறை. முதல் நாளே சொல்லிவிட்டார்: "அறுந்த நரம்பை ஊசி ஒட்ட வைக்காது. மிச்சம் ஏதாவது உயிரோட இருந்தா எழுப்பிப் பார்க்கலாம். பெரியாஸ்பத்திரியில சொன்ன எக்சர்சைஸை விட்டுடாதீங்க." 'எழுப்பி' என்ற சொல் மட்டும்தான் என் காதில் நின்றது.

மயிரிழை போன்ற அந்த ஊசிகளை அம்மா நம்பவில்லை. "இம்புட்டூண்டு ஊசி இந்த மலையை அசைச்சிருமாக்கும்."

"எறும்பு கடிச்சா யானையே எந்திரிக்கும்மா," என்றான் அண்ணன்.

மண்டியிலிருந்து வத்தல் நெடி வரும். ஊசி குத்தியிருக்கும்போது தும்மல் வந்தால் எல்லா ஊசியும் சேர்ந்து ஆடும். வாரங்கள் போயின. ஒவ்வொரு தடவையும் நான் குனிந்து கேட்பேன், "ஏதாச்சும் தெரியுதாண்ணே?"

"ஒம் மூஞ்சிதாம்லே தெரியுது."

ரெண்டு ஊசி கூடப் போட்டால் சீக்கிரம் சரியாகுமா என்று டாக்டரம்மாவிடமே கேட்டேன். "கறிக்குழம்பா தம்பி, ரெண்டு மிளகாய் கூடக் கிள்ளிப்போட?" என்றார்.

ஒருநாள் அவர் சுருட்டுத் தடிமனில் ஒரு மூலிகைக் குச்சியைப் பற்றவைத்தார். கங்கு தோலில் படாமல் அடிவயிற்றுக்கு மேலே காட்டிச் சூடு கொடுக்கும் முறை அது. வெளியே குழாயில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்த அம்மா அப்போதுதான் செம்போடு உள்ளே வந்தார். அம்மாவும் பட்டாசு வேலைதான். மடியில் தீப்பெட்டி இருந்தாலே கேட்டிலிருந்து திருப்பி அனுப்பிவிடுகிற இடத்தில் வளர்ந்த கை. மகன் வயிற்றுக்கு மேலே சிவப்பாக ஒரு கங்கு. செம்புத் தண்ணீர் அப்படியே பறந்தது.

குச்சி அணைந்து புகைந்தது. டாக்டரம்மாவின் சேலை நனைந்தது. அண்ணன் வயிறு, வேட்டி, மெத்தை எல்லாம் தண்ணீர்.

"ஏம்மா, அது வைத்தியம்மா," என்றார் டாக்டரம்மா.

"கை தானாப் போயிருச்சு தாயி. கங்கைப் பாத்தா நாங்க யோசிக்கிறதில்ல."

"யம்மா," என்றான் அண்ணன். "குளுருதும்மா."

டாக்டரம்மா சேலையை உதறுவதை நிறுத்தினார். "எங்கப்பா குளுருது?"

அவன் விரல் தொப்புளைத் தாண்டி நாலு விரற்கடை கீழே போய் நின்றது. "இங்கன."

கண்ணை மூடச் சொல்லி, நனைத்த பஞ்சாலும் காய்ந்த பஞ்சாலும் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்தார். சிலது சரியாகச் சொன்னான், சிலது தப்பு. தொடையில் ஒன்றும் தெரியவில்லை.

"அப்ப நடந்துருவாம்ல?" என்றேன்.

"ஊசியால வந்ததா, தானா வந்ததான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது தம்பி. வந்திருக்கு. அவ்வளவுதான்." பிறகு அம்மாவிடம் திரும்பி, "அடுத்த தடவை நீங்க வெளியிலயே உக்காந்திருங்க," என்றார்.

"செம்பையும் எடுத்துட்டுப் போயிருதேன் தாயி."

தொடர்ந்து போனோம். கால்கள் அப்படியே கிடந்தன. எனக்குச் சலிப்புத் தட்ட ஆரம்பித்திருந்தது. ஒரு மத்தியானம், ஊர் திரும்பும் ஆட்டோவில், சாத்தூரை நெருங்கும்போது அண்ணன் என் தோளைத் தட்டினான். "நிப்பாட்டச் சொல்லு."

"வலிக்குதாண்ணே?"

"இல்லலே. வருது."

ஆட்டோ ஒரு பருத்திக் காட்டோரம் நின்றது. அம்மா இறங்கி, முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றார். நான் ஆட்டோவில் கிடந்த காலிப் பாட்டிலைப் பிடித்தேன்.

"என்னண்ணே, இன்னும் வரல?"

"இருலே. ஒன் அவசரத்துக்கெல்லாம் வருமா?"

வந்தது. முடிந்ததும் சீட்டில் சாய்ந்து மெல்லச் சொன்னான், "அங்க பின்னால வச்சக்காரப்பட்டி தாண்டும்போதே வந்துச்சு. அடக்கிப் பாத்தேன். அடங்குச்சு."

காலைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். அவன் முந்திக்கொண்டான்.

"அந்த அச்சாபீசுக்குப் போனப் போடு."

"இப்பவேவா?"

"பின்ன? காலண்டர் சீசன் முடிஞ்ச பெறகா?"