பக்கத்தில் இருந்து வாசித்தவர்

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விடுகிற ஆள் நான். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் இனிச் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு நீங்கள் என்னை அந்த வகை ஆள் என்று நினைக்கக் கூடாது. ஒஸ்லோவில் ஒரு மருந்தகத்தில் மருந்தாளராக இருக்கிறேன். எங்கள் குடும்பத்தில், அம்மா பக்கமும் சரி அப்பா பக்கமும் சரி, பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான்தான், பல்கலைக்கழகம் போன முதல் ஆளும் நான்தான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அம்மா இரண்டாம் வகுப்போடு நின்றவர். அப்பாவுக்கு அதுவும் இல்லை. இங்கே வந்து அம்மா ஹோட்டல் அறைகளைத் துப்புரவு செய்தார், அப்பா உணவகத்தில் கோப்பை கழுவினார், நான் படித்தேன்.

நான் சின்னவளாக இருந்தபோது, ஒஸ்லோவின் ரொம்சோஸ் பகுதியில், எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் எந்த வெளிநாட்டுத் தொடர் போனாலும் கீழே நோர்வேஜிய எழுத்து ஓடும். அப்பா அதை அம்மாவுக்கு வாசித்துச் சொல்லுவார். அதாவது, வாசிப்பதுபோல நடிப்பார். ஒரு பொலிஸ்காரர் பிணத்துக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பார், அப்பா முகத்தில் சிரிப்பே இல்லாமல், "பாரை மீன் கிலோ என்ன விலை எண்டு கேக்கிறான்" என்பார். அம்மா சிரித்துச் சிரித்து இருமுவார். ஒருவரும் பேசாமல் ஆளை ஆள் பார்த்துக்கொண்டு நிற்கும் காட்சி வந்தாலும் விடமாட்டார், "இப்ப சும்மா பாக்கினம்" என்று அதற்கும் ஒரு வாசிப்புப் போடுவார்.

எட்டு வயதில் எனக்கு நோர்வேஜியன் நன்றாக வாசிக்க வந்துவிட்டது. ஒரு நாள் எழுந்து நின்று, "அப்பா பொய்யா வாசிக்கிறார், அப்பிடி ஒண்டும் அங்கை எழுதேல்லை" என்று சொல்லிவிட்டேன். அப்பா கோபிக்கவில்லை. ரிமோட்டை என் கையில் தந்து, "இனி நீ வாசி, ரீச்சர்" என்றார். அன்றிலிருந்து அந்த வேலை என்னுடையது. தொலைக்காட்சி, கடிதம், விண்ணப்பம், வைத்தியர் சொல்வது, எல்லாம் நான்தான். அப்பா பிறகு ஒருநாளும் வாசிக்கவில்லை. ஐந்து வருடத்துக்கு முன் வேலைக்குப் போன இடத்தில் இருதயம் நின்று போய்விட்டார்.

அம்மாவுக்கு வருத்தம் தொடங்கியது போன இலையுதிர் காலத்தில். வயிற்று நோ, சாப்பாடு இறங்கவில்லை, ஆள் மெலிந்துகொண்டே போனார். வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தவருக்கு ஒரு கொரியத் தொடர் பிடித்துப்போனது. நான் வேலையால் வந்து, சாப்பிட்டு, ஏழு மணிக்கு சோபாவில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தால் ஒரு பாகம் வாசித்து முடிப்பேன். அதில் உடுப்புத் திருத்தும் கடை வைத்திருக்கும் ஒரு பெண், சாகும் நேரம் வந்தவர்களைக் கூட்டிப்போவதையே வேலையாக வைத்திருக்கும் ஒருத்தன். அவனுக்கு வயது போகாது. அறுந்த பொத்தானைத் தைக்கக் கொடுக்க வந்த இடத்தில் அவளில் காதல் வந்துவிடுகிறது, அவளுடைய நாள் வந்தபோது கூட்டிப்போகாமல் விட்டுவிடுகிறான். ஆனால் நாள் என்றால் நாள்தானே, எப்போதோ ஒரு நாள் அவன் வந்துதான் ஆகவேண்டும். அம்மா அவனை "பொத்தான் தம்பி" என்று கூப்பிடுவார். "பொத்தான் தம்பி இண்டைக்கு ஏன் முகத்தை உம்மெண்டு வைச்சிருக்கிறான், வாசி பிள்ளை" என்பார்.

தை மாதத் தொடக்கத்தில் வைத்தியசாலையில் பரிசோதனை முடிவு சொல்லக் கூப்பிட்டார்கள். மொழிபெயர்ப்பாளரை இங்கே நாங்கள் தொல்க் என்போம், அன்று வரவேண்டிய தொல்க்குக்கு சுகமில்லை. வேறு நாள் வைப்போம் என்றார் வைத்தியர். நான்தான், "தேவையில்லை, நான் மருந்தாளர், நானே சொல்லுவேன்" என்று நின்றேன். சரி, இன்று மட்டும் என்றார். பிறகு அவர் சொன்னது இதுதான்: கட்டி ஈரலுக்கும் பரவிவிட்டது, இனி மருந்தால் மாற்ற முடியாது, நோவைக் குறைக்கலாம், இந்தக் கோடையைத் தாண்டுவது கடினம். ஆறுதலாக, நிறைய நேரம் எடுத்துச் சொன்னார். நான் அம்மாவின் பக்கம் திரும்பி, "சின்னக் கட்டியாம் அம்மா, மருந்திலை கரையுமாம், கொஞ்ச நாள் எடுக்குமாம்" என்றேன்.

"அவ்வளவு நேரம் கதைச்சார், இவ்வளவுதானோ?"

"ஓம். நோர்வேஜியனிலை எல்லாத்தையும் நீட்டித்தான் சொல்லுவினம்."

அம்மா எழும்பிக் குளிர்கோட்டைப் போட்டார். பிறகு வைத்தியருக்கு "தக்" என்று நன்றி சொன்னார்.

அடுத்த வாரம் அதே விடயம் கடிதமாகவும் வந்தது. எங்கள் பிளொக்கின் கீழே தபால்பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று உடைத்தேன். முன்பக்கத்தை வாசித்து முடித்ததுமே மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். அம்மா அதன் உறையைக்கூடக் கண்டதில்லை. மறுநாள் மருந்தகத்துக்குக் கொண்டுபோய் என் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

தொடரின் கடைசிப் பாகம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. அதை நான் முதலே ரயிலில் கைபேசியில் பார்த்துவிட்டேன், முடிவு என்ன என்று தெரியாமல் அம்மாவுக்கு வாசிக்கப் பயமாக இருந்தது. பயந்தது சரிதான். அவள் கிழவியாகிவிடுகிறாள், அவன் அதே இளைஞனாக வந்து கடைக் கதவில் நிற்கிறான். இருவரும் கதைக்கும்போது படத்தில் ஆட்களைக் காட்டவில்லை, பனி கொட்டும் தெருவையும் மூடிய கடையையும் காட்டுகிறார்கள், இரண்டு குரல் மட்டும் கேட்கிறது. கடைசியில்தான் இருவரும் தெருவில் எதிரெதிரே நிற்பதைக் காட்டுவார்கள்.

அன்று மாலை நான் வாசித்தது வேறு. அவனுக்கு அந்த வேலையிலிருந்து விடுதலை கிடைத்துவிட்டது, இருவரும் கடற்கரைப் பக்கம் போய்ச் சாப்பாட்டுக் கடை போடப் போகிறார்கள் என்று வாசித்தேன். அப்பா பாரை மீன் விற்றார், நான் சாப்பாட்டுக் கடை போட்டேன்.

"அப்ப ஏன் அவளின்ரை தலை நரைச்சுக் கிடக்கு?"

"பனி கொட்டியிருக்கு அம்மா."

"சரி" என்று படுக்கப் போய்விட்டார்.

புதன்கிழமை நான் வேலையால் வந்தபோது ஐந்தரை இருக்கும். அம்மா குசினியில் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். நல்ல உசாராக இருந்தார், அப்படி அவரைக் கண்டு ஒரு மாதம். என்னைக் கண்டதும், "நீ நேற்றுப் பிழையா வாசிச்சனி" என்றார். நான் சப்பாத்தைக் கழற்றியபடி, என்னம்மா என்று கேட்டேன்.

"அவள் செத்துப்போறாளாம் எல்லோ. சாப்பாட்டுக் கடையாம், சாப்பாட்டுக் கடை! பனிக்குள்ளை ஆரடி சாப்பாட்டுக் கடை போடுறது? காலமை பதினொரு மணிக்குத் திரும்பப் போட்டுப் பாத்தனான்."

படத்தைப் பார்த்து ஊகித்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். நீங்களும் அதைத்தான் நினைப்பீர்கள். ஆனால் அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அந்த இரண்டு குரலும் சொன்னதைச் சொன்னார். "அவன், 'பயமா இருக்கோ' எண்டு கேக்கிறான். அவள், 'நீ வருவாய் எண்டு தெரியும். வாற நாளை முதலே சொல்லியிருந்தா வீட்டை அடுக்கி ஒதுக்கி வைச்சிருப்பன்' எண்டு சொல்லுறாள். நல்லாச் சொன்னாள், என்ன?"

சொல்லுக்குச் சொல் அதுதான். ரயிலில் நான் வாசித்து, அம்மாவுக்குச் சொல்லாமல் விழுங்கியது அதேதான். அம்மாவுக்குக் கொரியன் தெரியாது, நோர்வேஜியனில் எழுத்துக்கூட்டத் தெரிந்தது பஸ் நிறுத்தத்தின் பெயர் மட்டும்தான்.

"ஆர் வாசிச்சுச் சொன்னது?" என்று கேட்டேன். மேல்வீட்டு அன்ரி வந்திருப்பார் என்று நினைத்தேன்.

"அப்பாதான்."

நான் ஒரு கதிரையை இழுத்து இருந்தேன்.

"ஆனா இந்த முறை பகிடி விடேல்லை பிள்ளை, ஒழுங்கா வாசிச்சார். அங்கை போய்ப் படிச்சிருக்கிறார் போல." சொல்லிவிட்டு அம்மா தானே சிரித்தார். "முடிவிலை ரெண்டு பேரும் கதையாமல் நிக்கேக்கை மட்டும், 'இப்ப சும்மா பாக்கினம்' எண்டவர்."

"அம்மா, நீங்கள் ஆளைக் கண்டனீங்களோ?"

"பக்கத்திலை இருந்து வாசிக்கிற ஆளை ஆரும் திரும்பிப் பாப்பினமே? நான் ரிவியை எல்லோ பாத்தனான்."

மருந்து கூடி மயக்கத்தில் கதைக்கிறார் என்று நினைத்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், அன்று குடித்த மாத்திரைகளை எண்ணிப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அம்மா என் கையைத் தட்டிவிட்டு, திரும்பவும் கிழங்கை எடுத்துக்கொண்டு, சும்மா சொல்வதுபோலச் சொன்னார்: "நாளைக்குப் பத்தரைக்கு வைத்தியசாலைக்குப் போகோணும். ஒரு பொம்பிளை தொல்க் வருவாவாம். நீ கடுதாசியின்ரை பின்பக்கம் பாக்கேல்லையாம், அப்பா சொன்னவர்."

நம்பினால் நம்புங்கள், அந்த நேரத்தில் எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்த வீட்டில் கடிதம் வாசிக்கிற ஆள் நான். அப்படி ஒரு பின்பக்கமே இல்லை என்று காட்டுவதற்காக, திரும்பவும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இறங்கி, ரயில் எடுத்து, மருந்தகத்துக்குப் போனேன். எட்டு மணி வரை திறந்திருக்கும். என்னோடு வேலை செய்யும் சென்னைப் பெண் கவுண்டரில் இருந்து, "என்னங்க, மறந்து வெச்சிட்டுப் போயிட்டீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அலுமாரியைத் திறந்தேன். கடிதம் நான் மடித்தபடியே இருந்தது. திருப்பினேன். பின்பக்கத்தில் நான்கே வரி. வியாழக்கிழமை, பத்து முப்பது. நோயாளியுடன் நேரடியாகப் பேசுவதற்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒழுங்கு செய்யப்பட்டுள்ளார். கீழே அவருடைய பெயர், பெண்ணின் பெயர்.

அந்தச் சென்னைப் பெண்ணிடம் பிறகு ஒரு நாள் இதைச் சொன்னேன். "அட போங்க, ஆஸ்பத்திரியில இருந்து அம்மாவுக்கு போன் பண்ணியிருப்பாங்க" என்று சிரித்தாள். அதை நான் அன்றே பார்த்துவிட்டேன். வைத்தியசாலைக்குக் கொடுத்திருந்தது என் இலக்கம் மட்டும். அம்மாவின் கைபேசியில் அந்த வாரம் முழுக்க வந்த அழைப்புகள் என்னுடையதும் மரக்கறிக்கடை அண்ணையுடையதும்தான். மேல்வீட்டு அன்ரியைக் கேட்டேன், அவர் அந்தப் புதன்கிழமை வேலையில் நின்றிருக்கிறார்.

வியாழக்கிழமை காலை நான் எழும்பியபோது அம்மா குளிர்கோட்டும் போட்டு வாசலில் இருந்தார். வைத்தியரின் அறைக் கதவடியில் என் கையைப் பிடித்து, "நீயும் வந்து இரு. ஆனா இண்டைக்கு வாய் திறவாதை" என்றார். அந்தத் தொல்க் பெண் வைத்தியர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னார். ஈரல், பரவியது, மாற்ற முடியாது, கோடை. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா அழவில்லை. எல்லாம் முடிய, "சரி. வீட்டை ஒதுக்க நாள் போதும்" என்றார். வைத்தியருக்கு அதைத் தொல்க் அப்படியே சொன்னார். வைத்தியர் எழுந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

வெளியே வந்து நான் அழுதேன். "ஏனடி பொய் சொன்னனி?" என்று கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு. "சாப்பாட்டுக் கடை எண்டு எப்பிடியடி உடனை வந்தது? நீயும் அப்பர் மாதிரித்தான்" என்றார்.

அதன்பிறகு அம்மா ஒரு தொடரும் பார்க்கவில்லை. "எனக்கு வேலை கிடக்கு" என்பார். மாலைகளில் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன், எந்தச் சேலை ஆருக்கு, எந்தச் சட்டி ஆருடையது, அப்பாவின் படம் எந்தச் சுவரில் இருக்கவேண்டும் என்று. சண்டை பிடித்திருந்த தங்கைக்கு கனடாவுக்குத் தொலைபேசி எடுத்து ஒரு மணித்தியாலம் சிரித்துக் கதைத்தார். வைகாசியில், பேர்ச் மரங்கள் இலை விட்ட வாரத்தில், மத்தியானம், நான் பக்கத்தில் இருக்கப் போனார். அவர் போனபின் அந்த வீட்டில் எனக்கு ஒதுக்க ஒன்றும் மிச்சமிருக்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அப்பா அங்கே போய்ப் படித்துவிட்டார் என்ற அம்மாவின் பகிடியை நம்பாமலே பிடித்துக்கொண்டு இருந்திருப்பேன்.

அம்மாவின் முப்பத்தோராம் நாள் கிரியைகள் முடிந்து ஆட்களெல்லாம் போன பின்னேரம் அந்தக் கடைசிப் பாகத்தைப் போட்டேன். கடைசியாகப் பார்த்தது அந்தப் புதன்கிழமை என்று தொலைக்காட்சியே நாள் காட்டியது. பனி கொட்டியது, இரண்டு குரலும் கேட்டன, ஆனால் கீழே எழுத்து வரவில்லை. என்னவென்று பார்த்தேன். எழுத்து நிறுத்தப்பட்டிருந்தது. செவ்வாய்க்கிழமை மாலை நான் பொய் வாசித்தபோது எழுத்து ஓடியது, அது எனக்கு நிச்சயம். புதன்கிழமை திரும்பப் போடும்போது அம்மா ரிமோட்டில் எதையோ தவறி அமத்தியிருக்கிறார். அவர் பார்த்த அந்த நேரம் முழுக்கத் திரையில் ஓர் எழுத்துக்கூட இருந்திருக்காது.

அப்படியானால் அப்பா எதைப் பார்த்து வாசித்தார்?

எழுத்தை மறுபடி வரவைக்க ஒரு பொத்தான் போதும். நான் இன்னும் அமத்தவில்லை. சில நாட்களில் வேலையால் வந்து அந்தப் பாகத்தை அப்படியே போட்டுவிட்டு சோபாவின் ஒரு பக்கத்தில் இருப்பேன். முடிவில் அவர்கள் இருவரும் தெருவில் கதையாமல் நிற்கும்போது மட்டும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன். மற்றப் பக்கம் நான் திரும்புவதில்லை. வாசிக்கிற ஆளை ஆரும் திரும்பிப் பார்ப்பார்களா?