அப்பா இல்லாத ரெசுமே

எங்கள் ஊர் ஸ்கூடாயில் ரெசுமே எழுதித் தரும் அந்த ஆளிடம் நான் ஒரே ஒரு தடவைதான் போனேன். எண்ணெய் வழியும் தலை. வாயில் எந்நேரமும் ஒரு பல் குத்தும் குச்சி. அதை எடுத்து, அந்த ஈர நுனியாலேயே கம்ப்யூட்டர் திரையைத் தொட்டுத் தொட்டுப் பேசுவார்.

"நாலு வருஷம் வேலையில்ல. ஏம்மா?"

"அப்பா படுத்த படுக்கையா இருந்தாரு. நான்தான் பாத்துக்கிட்டேன்."

"அலமாக்! வருஷ வாரியா எழுதுனா அந்த ஓட்டை பல்ல இளிக்கும். பாசிர் கூடாங் ஃபேக்டரிக்குத்தானே? வேற ஃபார்மட் போடுவோம். என்னென்ன வேலை தெரியும்னு மட்டும் இருக்கும், வருஷமே வராது லா."

நான்கு வருடமும் ஒரு தட்டலில் போனது. அடுத்து, குச்சி என் பெயரில் வந்து நின்றது. இன்னாரின் மகள் என்று சொல்லும் 'ஏ/பி', அதற்குப் பின்னால் அப்பா பெயர்.

"இதையும் எடுத்துடுறேன். பாத்த ஒடனே தமிழ் ஆளுன்னு தெரிய வேணாம். மொதல்ல இன்டர்வியூவுக்குக் கூப்புடட்டும்."

அப்பா பெயர் இருந்த இடத்தில் எச்சில் பொட்டு மட்டும் மினுங்கியது.

சுவரில் அவருடைய கடை லைசென்ஸ் தொங்கியது. அதில் அவர் பெயர், மகன் என்பதற்கான 'ஏ/எல்', அவர் அப்பா பெயர், எல்லாம் முழுசாக இருந்தன. கண்ணாடி போட்டுப் பூ வேறு வைத்திருந்தார்.

"ஓகேவாம்மா?" என்றார், குச்சியை மறுபடியும் வாயில் போட்டுக்கொண்டு.

சீ என்று எழுந்து வந்திருக்கலாம். அந்த ரெசுமேயில் பத்துப் பிரதி கேட்டேன்.